61 நாள் தடையும் நம் கடைக் கல்லாவும்

சித்திரை முதல் தேதி வருடப் பிறப்பு. மறுநாள் ஏப்ரல் 15, நம் ஊர் மீன் கடைகளுக்குப் பாதிக் கதவடைப்பு. அன்றிலிருந்து ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக்கூடாது என்பது அரசு உத்தரவு. ராமேஸ்வரத்தில் படகு நின்றால் ஆத்தூரில் தராசு நிற்கிறது. எந்தக் கடற்கரையாக இருந்தாலும் நமக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். ஆனாலும் அடி நமக்கும் விழுகிறது.

முப்பது வருடங்களுக்கு மேலாக மீன் வியாபாரம் செய்கிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கடை வாடகை அந்த இரண்டு மாதமும் உண்டு. கரண்ட் பில் உண்டு. மீன் வெட்டுகிற இரண்டு பையன்களை 'போய்விட்டு ஜூனில் வா' என்று சொன்னால், ஜூனில் அவர்கள் திருப்பூரில் இருப்பார்கள். ஆகவே அரைச் சம்பளமாவது கொடுத்து வைத்திருக்க வேண்டும். ஐஸ் கட்டி விற்கிறவர், பெட்டி இறக்குகிற சுமைக்காரர், மீன் வாங்கிய கையோடு புளியும் மிளகாய்த்தூளும் வாங்குகிறவர்களை நம்பியிருக்கும் பக்கத்து மளிகைக் கடைக்காரர் என்று எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் இடிக்கிறது. ஆகையால் இது மீன் கடைக்காரர் பிரச்சினை மட்டும் என்று எண்ணி மற்ற வியாபாரிகள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்.

சில வருடங்களுக்கு முன் நம்மவர்கள் கூடிப் பேசும்போது ஒருவர் எழுந்தார். "முன்னே மாதிரி 45 நாளாக்கச் சொல்லி மனு கொடுப்போம்" என்றார். கை தூக்கச் சொன்னார்கள். முதலில் தூக்கியவர்களில் நானும் ஒருவன். இன்று அதே தீர்மானம் வந்தால் கை தூக்க மாட்டேன். ஏன் என்று சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் தடையின் கதை. 1983-ல் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது. அதன்கீழ் 2001-ல்தான் முதன்முதலாக ஏப்ரல் 15 முதல் மே 29 வரை 45 நாள் தடை போட்டார்கள். 2017-லிருந்து அது 61 நாள் ஆயிற்று. 2020-ல் மட்டும், கொரோனாவால் முன்பே படகுகள் கட்டிக் கிடந்ததால், மே 31-ஓடு முடித்துக் கொண்டார்கள். குமரி மாவட்டத்தின் மேற்குக் கரைக்குக் கணக்கு வேறு. அங்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கேரளம் 1988 முதலே இழுவைப் படகுகளை மழைக்காலத்தில் நிறுத்தி வைக்கிறது. 2018-லிருந்து அது ஜூன் 9 முதல் ஜூலை 31 வரை 52 நாள்.

இந்தத் தேதிகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நாம் சொல்லிக் கொள்கிற அளவுக்கு நமக்கு நஷ்டமில்லை என்பது தெரியும். ஏப்ரல் 15-ல் ராமேஸ்வரமும் தூத்துக்குடியும் நாகப்பட்டினமும் நின்றாலும், கொச்சியும் கொல்லமும் ஓடுகின்றன. குளச்சலும் முட்டமும் மே கடைசி வரை ஓடுகின்றன. அங்கிருந்து லாரி வருகிறது. கேரளம் நின்ற ஆறாம் நாள் நம் கரை திறந்துவிடுகிறது. அப்புறம் நம் மீன் மேற்கே போகிறது, நல்ல விலைக்கு. அதுவும் போக, தடை விசைப்படகுக்குத்தான். வள்ளமும் ஃபைபர் படகும் கரையோரம் போய் வரலாம். மீன் வரத்து அறவே நிற்பதில்லை. வாடகை கூடுகிறது, விலை கூடுகிறது, தரம் குறைகிறது. அவ்வளவுதான்.

தரம் குறைகிறது என்றேன். அதை லேசாக விட்டுவிட முடியாது. 2018 ஜூனில் கேரளச் சோதனைச் சாவடிகளில் ஃபார்மலின் கலந்த மீன் டன் கணக்கில் பிடிபட்டது நினைவிருக்கும். பிணத்தைக் கெடாமல் வைக்கிற மருந்தை மீனில் ஊற்றியிருக்கிறார்கள் என்று செய்தி பரவியது. அதன்பின் வாரக் கணக்கில் நம் பக்கமும் வாடிக்கையாளர் மீனை மோந்து மோந்து பார்த்தார்கள். "என்னண்ணே, இது எத்தனாம் நாள் மீன்? உள்ளதைச் சொல்லுங்க" என்று, இருபது வருடமாக என்னிடமே வாங்குகிற அம்மா கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு ஒரு மாத வியாபாரம் போனதைவிட அதிகமாக வலித்தது. தடைக்காலத்தில் எங்கிருந்தாவது, எப்படியாவது சரக்கு வந்தாக வேண்டும் என்று நாம் அடம் பிடிப்பதால்தான் இப்படிப்பட்ட சரக்குக்கு வழி பிறக்கிறது.

சரி, தடையால் மீனுக்குப் பலன் உண்டா? இனப்பெருக்க காலம் என்பதால் நிறுத்துகிறோம் என்கிறார்கள். ஆனால் நம் வெப்பக் கடலில் எல்லா மீனும் ஒரே மாதத்தில் முட்டை விடுவதில்லை. ஒவ்வொரு ஜாதிக்கும் ஒரு காலம். சிலது வருடம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக விடும். இந்தத் தேதியை மாற்றி வடகிழக்குப் பருவமழை மாதங்களில் வைக்க வேண்டும் என்று மீனவர்களில் ஒரு சாரார் கேட்கிறார்கள். அவர்கள் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. காலண்டரைப் பார்த்து மூடுகிற தடை ஒரு மொத்தக் கணக்குத்தான், ஒவ்வொரு மீனையும் பார்த்துப் போட்டதல்ல.

மீனைப் பார்த்தே போடுகிற தடையும் உலகத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் சால்மன் என்றொரு மீன். (நம் காலா மீனைப் பெரிய ஊர் ஓட்டல்களில் 'இந்தியன் சால்மன்' என்று எழுதி விற்கிறார்களே, அது வேறு ஜாதி. பெயர் மட்டும் இரவல்.) அந்தச் சால்மன் ஆற்றில் பிறந்து கடலுக்குப் போய் வளர்ந்து, பிறந்த ஆற்றுக்கே திரும்ப ஏறி முட்டையிடும். பசிபிக் கடல் ஜாதிகளில் பெரும்பாலானவை முட்டையிட்டதும் செத்துப்போகும். அலாஸ்காவில் அதிகாரிகள் ஆற்றோரம் கோபுரம் கட்டி உட்கார்ந்து, மேலே ஏறிப் போகிற மீனை எண்ணுகிறார்கள். அடுத்த தலைமுறைக்குத் தேவையான அளவு மேலே போய்ச் சேருகிறதா என்று பார்த்து வலை வீச நேரம் கொடுக்கிறார்கள். குறைந்தால் மூடிவிடுகிறார்கள். நாள் கணக்குக்கூட இல்லை, மணிக் கணக்கு. கலிபோர்னியாவில் 2023-லும் 2024-லும் ஆற்றுக்குத் திரும்பும் மீன் மிகவும் குறையும் என்று கணக்கில் தெரிந்ததும், கடலில் சால்மன் பிடிப்பதையே வருடம் முழுக்க மூடினார்கள். படகுக்காரரும் மீன் கடைக்காரரும் அங்கேயும் நம்மைப்போல் வயிற்றைக் கட்டிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

இன்னொன்றும் அங்கே செய்கிறார்கள். பண்ணையில் பொரித்து ஆற்றில் விடுகிற குஞ்சுகளுக்கு முதுகின் பின்பக்கமுள்ள சின்னத் துடுப்பை நறுக்கி விடுகிறார்கள். பல ஆறுகளில் தூண்டில்காரர் துடுப்பு நறுக்கிய மீனை எடுத்துக்கொள்ளலாம். துடுப்போடு இருந்தால் அது இயற்கையில் பிறந்தது, தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும். இதை ஏன் சொல்கிறேன் என்பது நம் அணைப் பேச்சு வரும்போது விளங்கும்.

நாளை மட்டும் எண்ணுவதில் என்ன குறை என்பதற்குக் கேரளத்து மத்தி போதும். அங்கே தடை 1988 முதல் வருடந்தவறாமல் இருக்கிறது. 2012-ல் ஏறக்குறைய 4 லட்சம் டன் மத்தி பிடித்தார்கள். 2021-ல் அது சுமார் 3,300 டன்னாகச் சுருங்கியது. நூற்றில் ஒன்றுகூட இல்லை! கடல் வெப்பம் மாறியதை ஒரு பெரிய காரணமாக விஞ்ஞானிகள் சொல்கிறார்கள், குஞ்சு மத்தியை வாரியெடுத்ததையும் சேர்த்தே சொல்கிறார்கள். தடை இழுவைப் படகுக்கு. மத்தியைப் பிடித்ததோ பெரும்பாலும் தடையில் அகப்படாத வள்ளங்களின் வளைப்பு வலை. கதவை ஒரு பக்கம் பூட்டிவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்த கதை. 2015-ல் கேரள அரசு விழித்துக்கொண்டு அளவு விதித்தது. மத்தி 10 செ.மீ.க்குக் குறைவாகவும், அயிலை 14 செ.மீ.க்குக் குறைவாகவும் பிடிக்கக்கூடாது. பிறகு அந்தப் பட்டியல் 58 இனங்கள் வரை நீண்டது.

அப்படியானால் தடை வீணா? இல்லை. ஆயிரக்கணக்கான விசைப்படகுகள் இரண்டு மாதம் கடலடியை வாரிக்கொண்டு போகாமல் இருப்பதே பெரிது. அதனால்தான் 45 நாளாகக் குறைக்கச் சொல்லும் மனுவில் இனி நான் கையெழுத்திட மாட்டேன். ஆனால் 61 நாள் காத்த மீனை மீதி 304 நாளில் யார் அழிக்கிறார்கள் என்று பார்த்தால், அந்த வரிசையில் நானும் நிற்கிறேன்.

ஒரு வருடம் ஜூன் கடைசியில், தடை முடிந்து வந்த முதல் லோடுகளில் ஒன்று. பெட்டியைத் திறந்தால் எல்லாம் சீலாக் குஞ்சு. வஞ்சிரம் என்று வடக்கே சொல்வார்களே, அது. கிலோவுக்குப் பத்து நிற்கும். இரண்டு மாதமாகக் கடல் மீன் காணாத ஜனம். காலை ஒன்பது மணிக்குள் நான்கு பெட்டியும் காலி. நல்ல லாபம் என்று மகிழ்ந்தேன். கடையில் வெட்டுகிற பையன்தான் சொன்னான்: "முதலாளி, இதெல்லாம் அடுத்த வருசம் வந்திருந்தா துண்டு போட்டு வித்திருக்கலாம்." அவன் கணக்கு சரி. சீலா வேகமாக வளர்கிற மீன். ஒரு வருடம் கடலில் கிடந்தால் ஒவ்வொன்றும் அரைக் கிலோவைத் தாண்டியிருக்கும். பத்து மீன் ஒரு கிலோவாக விற்றது, ஐந்து கிலோவுக்கு மேல் போயிருக்கும். குஞ்சு விலைக்கும் துண்டு விலைக்கும் உள்ள வித்தியாசத்தை நம்மவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எல்லாம் பிழைத்திருக்காது, பாதி செத்திருக்கும் என்று வைத்துக்கொண்டாலும் நஷ்டம் நஷ்டமே. அந்தப் பெட்டியை வாங்கமாட்டேன் என்று நான் சொல்லியிருந்தால் கமிஷன் மண்டிக்காரர் அடுத்த முறை அனுப்பியிருக்க மாட்டார். நான் சொல்லவில்லை.

இதில் மீன் கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. இழுவை மடியில் ஏறுகிற பொடி மீனைக் கடற்கரையில் சங்காயம் என்பார்கள். அதில் சீலாக் குஞ்சும் சங்கராக் குஞ்சும் எல்லாம் கலந்திருக்கும். அது காய்ந்து பொடியாகிக் கோழித் தீவனத்துக்குப் போகிறது. தீவனம் விற்கிறவர்களும் கோழிப்பண்ணைக்காரர்களும் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறார்கள். அவர்களுக்கும் இதில் பங்குண்டு. வலைக் கண்ணிக்குச் சட்டத்தில் அளவு இருக்கிறது. ஆனால் பொடி மீனுக்கு விலை இருக்கும் வரை கண்ணி தானாகச் சின்னதாகிவிடும்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். கடலில் தடை விழுந்த மறுவாரம் எல்லோர் பார்வையும் நம் காமராஜர் அணை மீது திரும்புகிறது. குடகனாற்றின் தலையில், மலையடிவாரத்தில் இருக்கிற அந்த அணை திண்டுக்கல்லுக்கும் சின்னாளப்பட்டிக்கும் குடிதண்ணீர் கொடுப்பது எல்லோருக்கும் தெரியும். அணை மீனுக்குத் தடைக்காலத்தில் இருக்கிற மவுசும் தெரியும். உயிரோடு துள்ளுகிறது, ஃபார்மலின் பயமில்லை. அணைகளில் கிடைக்கிற கட்லாவும் ரோகுவும் மிர்காலும் பண்ணையில் பொரித்த குஞ்சை விட்டு வளர்ப்பவை, வங்காளத்துக் கங்கைப் பக்கத்து மீன்கள். ஜிலேபிக் கெண்டையோ 1952-ல் வெளிநாட்டிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டு வரப்பட்டு, பிறகு எல்லாக் குளத்திலும் புகுந்துகொண்டது. இவற்றை எத்தனை பிடித்தாலும் எனக்கு வருத்தமில்லை. அமெரிக்காக்காரன் பாஷையில் சொன்னால் இவை துடுப்பு நறுக்கிய மீன்கள்.

வருத்தம் நம் நாட்டு மீன்களைப் பற்றி. விரால், அயிரை, குரவை, ஆரால், உளுவை. இவற்றுக்குப் பண்ணைக் குஞ்சு வாங்கிக் குளத்தில் விடுகிறவர் அரிது. தானாகப் பிறந்து தானாகப் பெருக வேண்டும். ஒரு காலத்தில் அயிரை உழக்கில் அளந்து விற்ற சரக்கு. இன்று அயிரைக் குழம்பு என்று போர்டு வைத்திருக்கிற கடைக்குச் சரக்குத் தேடி வருகிறவர்கள் நான் சொல்கிற விலையைக் கேள்வி கேட்காமல் கொடுக்கிறார்கள். விலை ஏறியது வியாபாரிக்கு நல்லதுதானே என்று தோன்றும். விற்பதற்கு இருந்தால் நல்லதுதான்.

ஐப்பசியில் மழை இறங்கி, ஓடையில் புதுத்தண்ணீர் வந்ததும் நாட்டு மீன் எதிர் ஏறும். சால்மன் ஏறுகிற மாதிரியேதான், தூரம்தான் குறைவு. வயிற்றில் சினையோடு வாய்க்காலுக்கும் வயலுக்கும் ஏறும். அதே நேரத்தில் மடைவாயில் வலையைக் கட்டி வைத்து நாம் பிடிக்கிறோம். விரால் கதை இன்னும் மோசம். தாயும் தகப்பனும் குஞ்சுக் கூட்டத்துக்குக் காவல் நிற்கும். குஞ்சு செம்பழுப்பாகக் கூட்டமாய் மேலே மிதக்கும். அதைப் பார்த்ததும் கீழே பெரிய மீன் நிற்பது தெரிந்துவிடும். தூண்டிலைப் போட்டுப் பெரியதை எடுத்துவிட்டால் அத்தனை குஞ்சும் மற்ற மீனுக்கு இரை. பிள்ளையைக் காக்க நின்ற குற்றத்துக்காகப் பிடிபடுகிற மீன் அது. என் கடைக்கு அப்படி வந்த விராலை நான் எத்தனை வாங்கியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்க எனக்கே விருப்பமில்லை.

கடலுக்கு ஏப்ரல் 15 என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரிகிறது. குளத்துக்கு அப்படி எல்லோரும் அறிந்து நடக்கிற தடைக்காலம் எது? வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதைத் தடுக்க வெள்ளைக்காரன் 1897-லேயே சட்டம் போட்டான். குறிப்பிட்ட நீர்நிலையில் குறிப்பிட்ட காலத்துக்கு மீன்பிடிப்பை நிறுத்தவும் அதில் அதிகாரம் வைத்தான். நம் கிராமத்தாருக்கு அதற்கு முன்பே வழி தெரிந்திருந்தது. நம் மாவட்டத்திலும் மதுரை, சிவகங்கைப் பக்கமும் கோடையில் நடக்கிற மீன்பிடித் திருவிழாவைப் பாருங்கள். ஊர்ப் பெரியவர்கள் துண்டை வீசிக் கொடி அசைக்கும் வரை கண்மாயில் ஒருவர் கால் வைக்கக்கூடாது. அதன்பின் ஊத்தாவும் கச்சாவும் எடுத்துக்கொண்டு ஊரே இறங்கும். தண்ணீர் வற்றி, எப்படியும் மீன் சாகப்போகிற நேரத்தில் பிடிக்கிறார்கள். மழையில் பெருகுகிற நேரத்தில் தொடுவதில்லை. போலீஸும் இல்லை, உத்தரவும் இல்லை. ஊர் வாய்க்குக் கட்டுப்படுகிறார்கள். அந்தக் கட்டு, மீன்பாசி ஏலம் எடுத்தவர் முழு வருடமும் வலை போடலாம் என்று ஆன இடங்களில் அறுந்துபோயிற்று.

என் யோசனை பெரியதொன்றுமில்லை. ஐப்பசியில் முதல் புதுத்தண்ணீர் வந்த நாளிலிருந்து நான்கு வாரம், நாட்டு மீனை நம் கடைகளில் வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை என்று மீன் கடைக்காரர்கள் சேர்ந்து முடிவெடுப்பது. அப்போது கடல் மீன் வருகிறது, அணையில் கட்லா இருக்கிறது. கடை மூட வேண்டியதில்லை. அடுத்ததாக, மீன்பாசி ஏல நிபந்தனையில் அந்த நான்கு வாரத்துக்கு வலை கூடாது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி மனுக் கொடுப்பது. 45 நாள் மனுவுக்கு ஆன அதே காகிதச் செலவுதான்.

நாம் வாங்காவிட்டால் சாலையோரம் வைத்து அவனே விற்றுவிடுவான் என்பார்கள். விற்பான், கொஞ்சம். ஆனால் பத்துக் கிலோ பிடித்தவனுக்குப் பத்துக் கிலோவையும் ஒரே இடத்தில் கொட்டிக் காசு வாங்க நம் கடைதான் இருக்கிறது. அது இல்லையென்றால் இரண்டு கிலோவோடு வீட்டுக்குப் போய்விடுவான். குடும்பச் சாப்பாட்டுக்குத் தூண்டில் போடுகிற ஏழையை யாரும் தடுக்கப் போவதில்லை.

தடைக்கால நிவாரணம் பற்றியும் ஒரு வார்த்தை. கடலோர மீனவக் குடும்பத்துக்கு இப்போது 8,000 ரூபாய் கிடைக்கிறது. 61 நாளுக்கு அது போதாது என்பது வேறு. உள்நாட்டில் மீன் பெட்டி இறக்கிப் பிழைக்கிறவருக்கும் வெட்டுக் கூலிக்காரருக்கும் எதுவும் கிடையாது. நாளைக் குறையுங்கள் என்று கேட்பதற்குப் பதில், இவர்களையும் கணக்கில் சேருங்கள் என்று சங்கம் கேட்டால் நான் முதல் கையெழுத்துப் போடுகிறேன். அரசு கொடுக்கும் வரை, மீன் கடைக்காரர்கள் பெட்டிக்கு இவ்வளவு என்று பத்து மாதம் எடுத்து வைத்தால் அந்த இரண்டு மாதத்துக்குச் சுமைக்காரர் வீட்டு அரிசியாவது ஓடும். எவ்வளவு என்பதைப் பொதுக்குழுவில் பேசுவோம்.

வருகிற ஐப்பசிக்கு என் கடையில் ஒரு சிலேட்டு மாட்டப் போகிறேன். 'நான்கு வாரம் விரால், அயிரை கிடையாது. கட்லா உண்டு, கடல் மீன் உண்டு.' எதிர்க் கடைக்காரரிடமும் சொன்னேன். சிரித்தார். "நீங்க முதல்ல மாட்டுங்கண்ணே, பாப்போம்" என்றார். மாட்டப் போகிறேன்.